காட்சிப் பேழைக்கு வெளியே: எழும்பூர் அருங்காட்சியகத்தின் ஓராண்டு

சென்னை எழும்பூரில் பாந்தியன் சாலையை ஒட்டி ஏறத்தாழ 16 ஏக்கர் பரப்பில் அமைந்துள்ள அரசு அருங்காட்சியகம் 1851ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றதாகலின், 2026ஆம் ஆண்டு அதற்கு 175ஆம் ஆண்டு நிறைவாகிறது. பாறைகளும் தொல்லுயிர் எச்சங்களும், பாடம் செய்யப்பட்ட விலங்குகளும், வரலாற்றுக்கு முந்தைய கற்கருவிகளும், அமராவதிச் சிற்பங்களும், சோழர் காலச் செப்புத் திருமேனிகளும், ரோமானியக் காசுகளும் ஆறு கட்டடங்களில் 46 காட்சிக்கூடங்களாக ஒரே வளாகத்துக்குள் விரிந்து கிடப்பதால், இதனை அறிவியல் அருங்காட்சியகம் என்றோ வரலாற்று அருங்காட்சியகம் என்றோ ஒரு பக்கமாகப் பிரித்துச் சொல்ல இயலாது. மண்ணுக்குள் கிடைக்கும் கல்லும் மனிதன் செதுக்கிய கல்லும் ஒரே அறிவுத்துறையின் இரு முனைகள் என்று 19ஆம் நூற்றாண்டு நம்பியது. அந்த நம்பிக்கையின் மீது எழுந்த நிறுவனம் இது.

இத்தகைய நிறுவனத்துக்கு ஆண்டுதோறும் சில நாட்கள் தாமாகவே வந்து வாய்க்கின்றன. ஏப்ரல் 18 உலகப் பாரம்பரிய நாள். மே 18 பன்னாட்டு அருங்காட்சியக நாள். நவம்பர் 19 முதல் 25 வரை உலகப் பாரம்பரிய வாரம். பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். இவற்றோடு கோடை விடுமுறைப் பயிற்சிகள், சிறப்புக் கண்காட்சிகள், சொற்பொழிவுகள், மாணவர்களுக்கான போட்டிகள் ஆகியவையும் சேர்ந்து ஆண்டு நிகழ்ச்சி நிரல் உருவாகிறது. நிரல் நிறைந்திருப்பது நல்லதே. ஆயினும், எந்த ஊரின் எந்த மண்டபத்திலும் நடத்திவிடக்கூடிய ஒரு நிகழ்ச்சியை அருங்காட்சியகத்துக்குள் நடத்துவதால் மட்டும் அது அருங்காட்சியக நிகழ்ச்சி ஆகிவிடாது. அந்த வளாகத்தில் மட்டுமே உள்ள ஒரு பொருளை, அதனை அறிந்த ஒருவர், வந்திருப்பவர் கண்முன் வைத்து, அது எங்கே கிடைத்தது, எவ்வாறு செய்யப்பட்டது, எவ்வாறு காக்கப்படுகிறது என்று விளக்கும்போதுதான் நிகழ்ச்சிக்கும் இடத்துக்கும் உறவு பிறக்கிறது. வரவிருக்கும் ஓராண்டின் நாட்களை இந்த அளவுகோலால் அளந்து பார்ப்பது 175ஆம் ஆண்டுக்குப் பொருத்தமான பணியாகும்.

இந்த அளவுகோல் புதிதன்று. அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளரான எட்வர்ட் பல்ஃபோர், சென்னைப் படையில் பணிபுரிந்த அறுவை மருத்துவர். பின்னாளில் இந்தியா பற்றிய பெரும் கலைக்களஞ்சியம் ஒன்றையும் தொகுத்தவர். சென்னை இலக்கியச் சங்கம் சேர்த்து வைத்திருந்த சுமார் 1,100 நிலவியல் மாதிரிகளைக் கொண்டு நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் இருந்த புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தில், அதாவது இன்று பள்ளிக் கல்வித் துறை இயங்கும் வளாகத்தில், அவர் இந்த நிறுவனத்தைத் தொடங்கினார். இடம் போதாமையால் 1854இல் அது எழும்பூரில் பாந்தியன் என்று அழைக்கப்பட்ட பழைய கேளிக்கை மாளிகைக்கு மாறியது. அங்கே மக்களை ஈர்க்க பல்ஃபோர் கையாண்ட வழி, உயிருள்ள விலங்குகளைக் கொண்டுவந்து வைத்ததாகும். புலியையும் சிறுத்தையையும் காண வந்த கூட்டம் பெருகவே, 1855இல் வளாகத்திலேயே ஒரு விலங்குக் காட்சியகம் உருவானது. சில ஆண்டுகளில் அது மக்கள் பூங்காவுக்கு இடம்பெயர்ந்து, 1985இல் வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவாக மறுபிறவி எடுத்தது. விலங்குக் காட்சியகத்தை ‘உயிர் காலேஜ்’ என்றும் அருங்காட்சியகத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றும் சென்னைவாசிகள் நெடுங்காலம் வழங்கிவந்தனர். புலியைப் பார்க்க வந்தவர் பக்கத்து அறையில் பாறையையும் பார்த்துவிட்டுப் போவார் என்பதே பல்ஃபோரின் கணக்கு. படிப்பறிவு பரவாத காலத்தில் எளிய மக்களை வாயிலுக்குள் அழைப்பது நிறுவனத்தின் முதற்கடமை என்று அவர் கருதினார். இன்றைய நிகழ்ச்சி நிரலுக்கும் அதைவிட உயர்ந்த நோக்கம் இருக்க முடியாது.

மே 18ஆம் நாளைப் பன்னாட்டு அருங்காட்சியக நாளாகக் கொண்டாட வேண்டும் என்று, 1946இல் தோன்றிய பன்னாட்டு அருங்காட்சியகப் பேரவை 1977இல் மாஸ்கோவில் நடந்த தன் கூட்டத்தில் முடிவு செய்தது. 1992 முதல் ஆண்டுக்கொரு கருப்பொருளையும் அப்பேரவை அறிவித்து வருகிறது. தமிழ்நாட்டில் இந்த நாள் பள்ளிகளின் கோடை விடுமுறைக்குள் விழுவது ஒரு நல்வாய்ப்பு. பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள்; ஊரிலிருந்து உறவினர் வந்திருக்கிறார்கள்; கடற்கரைக்குப் போக வெயில் தணியும்வரை காத்திருக்க வேண்டிய பகற்பொழுது எஞ்சியிருக்கிறது. கோடைப் பயிற்சிகளும் இந்தப் பொழுதைக் குறிவைத்தே அமைகின்றன.

ஆனால், மே மாதத்தில் எழும்பூருக்கே உரிய இன்னொரு நாளும் இருக்கிறது. 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், இந்திய நிலவியல் அளவைத் துறையில் பணிபுரிந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் என்பவர், பல்லாவரத்தில் சரளை மண் தோண்டிய பள்ளம் ஒன்றில் மனிதக் கையால் செதுக்கப்பட்ட கல் ஒன்றைக் கண்டெடுத்தார். பிரான்சில் ஆற்றுச் சரளைகளுக்குள் அழிந்துபோன விலங்குகளின் எலும்போடு கற்கருவிகளும் கிடைப்பதை ஐரோப்பிய அறிஞர்கள் ஏற்றுக்கொண்டு நான்கைந்து ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. அச்செய்தியைப் படித்திருந்த ஃபூட், தென்னிந்தியச் சரளைகளிலும் அத்தகைய கருவிகள் இருக்கக்கூடும் என்ற எதிர்பார்ப்போடு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு நடந்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு அறிவியல் முறையில் பதிவான முதற்சான்று பல்லாவரத்துக் கல்லே. அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங் என்ற அவருடைய உடன்பணியாளரும் கொசத்தலை ஆற்றுப் படுகையில் அத்திரம்பாக்கத்தைக் கண்டறிந்தனர். அங்கே தொல்லியலாளர் சாந்தி பப்பு தலைமையிலான குழு பல ஆண்டுகள் அகழ்ந்து ஆராய்ந்து, அவ்விடத்துக் கைக்கோடரிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுப் பழமை உடையவை என்று 2011இல் வெளியிட்டது. ஃபூட் தம் வாழ்நாள் முழுதும் சேர்த்த தொகுப்பு 1904இல் சென்னை அரசால் விலைக்கு வாங்கப்பெற்று எழும்பூர் வந்து சேர்ந்தது. அவரே எழுதிய அட்டவணை, அவர் மறைந்த பிறகு, 1914இல் அச்சானது.

கைக்கோடரி என்பது பிடி இல்லாத, உள்ளங்கைக்குள் அடங்கும் அல்லது அதைவிடச் சற்றுப் பெரிதான, இருபுறமும் செதுக்கப்பட்ட கருவி. கண்ணாடிப் பேழைக்குள் வரிசையாகக் கிடக்கும்போது அது சாதாரணக் கூழாங்கல்லிலிருந்து பெரிதும் வேறுபட்டுத் தோன்றுவதில்லை. கடந்து செல்வோர் பலரும் அதனிடம் நிற்பதே இல்லை. ஒருவர் அதை வெளியில் எடுத்து, சாய்வாக விழும் வெளிச்சத்தில் காட்டினால் நிலைமை மாறிவிடுகிறது. குவார்ட்சைட் என்னும் கெட்டியான கல்லை இன்னொரு கல்லால் ஓங்கி அடிக்கும்போது, அடி விழுந்த புள்ளியிலிருந்து விசை உள்ளே பரவிச் சிப்பியின் உட்புறம் போன்ற குழிவோடு ஒரு சில்லு தெறிக்கிறது. அந்தக் குழிவின் விளிம்பு அடுத்த குழிவின் விளிம்பை எங்கே வெட்டுகிறது என்று பார்த்தால், எந்தச் சில்லு முன்னர் தெறித்தது, எது பின்னர் தெறித்தது என்பது தெரிந்துவிடும். ஓர் ஓரத்தை முடித்தபின் கல்லைத் திருப்பி மறு ஓரத்தைத் தொடங்கிய இடம்கூடப் புலப்படும். அடுத்த அடி எங்கே விழ வேண்டும் என்று ஒரு மூளை முன்கூட்டியே எண்ணியிருக்கிறது என்பதைப் பத்து வயதுப் பிள்ளை தானே கண்டுபிடிக்கும் தருணம் அது. பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, திறந்த வெளியில், பழக்கமுள்ள ஒருவர் புதிய கல்லொன்றை உடைத்துக் காட்டுவதும், உண்மையான கருவிகளின் அச்சுப்படிகளைப் பிள்ளைகள் கையில் கொடுத்து எந்தப் பிடியில் அது பொருந்துகிறது என்று பார்க்கச் சொல்வதும் பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. மே 18 முதல் மே 30 வரை உள்ள பன்னிரண்டு நாள் இடைவெளியை ஒரே தொடர் நிகழ்ச்சியாக வகுத்து, அதனைப் பல்லாவரத்துக் கல்லில் கொண்டுபோய் முடிப்பது சென்னைக்கு மட்டுமே கைகூடக்கூடிய ஏற்பாடு.

காசுகள் கோடைப் பயிற்சிக்கு இன்னும் எளிதாக இசைபவை. தமிழகத்தில் கொங்குப் பகுதியின் வெள்ளலூர், கரூர் போன்ற இடங்களில் புதையலாகக் கிடைத்த அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகியோரின் வெள்ளி, பொற்காசுகள் மிளகுக்கும் பச்சை மணிக்கல்லுக்கும் முத்துக்கும் ரோம் கொடுத்த விலையின் எச்சங்கள். தென்னிந்தியாவில் கிடைத்த ரோமானியக் காசுகள் சிலவற்றில் மன்னன் தலைமீது வேண்டுமென்றே இட்ட கீறல் காணப்படுவதும், அது ஏன் இடப்பட்டது என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒருமித்த கருத்துக்கு வராததும் மாணவர்க்குச் சொல்லத்தக்க செய்திகள். விடை தெரியாத வினாவைப் பிள்ளைகள் முன் வைப்பதில் தயக்கம் தேவையில்லை.

மே மாதத்து வெயிலுக்கு முன்னரே ஏப்ரலில் வானம் ஒரு நிகழ்ச்சியை நடத்திக் கொடுக்கிறது. கடகரேகைக்கும் மகரரேகைக்கும் இடைப்பட்ட ஊர்களில் ஆண்டுக்கு இரு நாட்கள், நண்பகலில் சூரியன் சரியாகத் தலைக்கு நேர் மேலே வந்து நிற்பதால், செங்குத்தான தூணின் நிழல் அதன் அடிக்குள்ளேயே ஒடுங்கிவிடும். இதனை நிழலில்லா நாள் என்பர். கன்னியாகுமரியில் ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் நிகழும் இது, சூரியன் வடக்கு நோக்கி நகர நகர ஊர் ஊராக ஏறிவந்து, 13 பாகை வட அகலாங்கில் உள்ள சென்னையை ஏப்ரல் 24ஆம் நாளையொட்டி எட்டுகிறது. திரும்பும் பயணத்தில் ஆகஸ்ட் 18ஆம் நாளையொட்டி மீண்டும் வருகிறது. ஒரு நீளமான குழாயையோ கண்ணாடிக் குவளையையோ மட்டமான தரையில் நிறுத்தினால் போதும். ஏப்ரலில் நிழல் மறையும் நேரம் கடிகாரத்தின்படி 12 மணி அன்று, 12 மணி 7 நிமிட அளவில்தான் என்பதில் ஒரு வரலாற்றுப் பாடமும் அடங்கியிருக்கிறது. இந்தியத் திட்ட நேரம் 82.5 பாகைக் கிழக்கு நெட்டாங்கைக் கொண்டு கணிக்கப்படுகிறது. அதற்கு மேற்கே இருக்கும் சென்னைக்குச் சூரியன் சுமார் ஒன்பது நிமிடம் தாமதமாக வந்து சேர்கிறது. எஞ்சிய சிறு வேறுபாடு பூமியின் சுற்றுப்பாதை நீள்வட்டமாக இருப்பதாலும் அதன் அச்சு சாய்ந்திருப்பதாலும் விளைவது. 1906இல் திட்ட நேரம் நடைமுறைக்கு வருமுன் ரயில்கள் ‘மெட்ராஸ் நேரம்’ என்ற ஒன்றை நம்பி ஓடின. அந்த நேரத்தைக் கணித்துத் தந்தது நுங்கம்பாக்கத்தில் 1792இல் எழுந்த வானியல் ஆய்வகம். அதன் தொலைநோக்கியைத் தாங்கிய கருங்கல் தூண், தமிழும் தெலுங்கும் உள்ளிட்ட பல மொழிக் கல்வெட்டுகளோடு, மண்டல வானிலை ஆய்வு மைய வளாகத்தில் இன்றும் நிற்கிறது. கோட்டூர்புரத்து பிர்லா கோளரங்கம் வானியல் காட்சிகளுக்கு உரிய இடமே என்றாலும், நிழலைப் பார்க்க அரங்கம் வேண்டியதில்லை. எழும்பூர் வளாகத்தின் திறந்த முற்றமே போதுமானது.

உலகப் பாரம்பரிய வாரம் வரும் நவம்பர், சென்னையின் மழைக்காலம். திறந்தவெளி நிகழ்ச்சிகளுக்கு இடமில்லாத அந்த வாரத்தில் பார்வை இயல்பாகவே அரங்குகளுக்குள் திரும்புகிறது. அப்போது முதலில் நினைவுக்கு வர வேண்டியவை அமராவதிச் சிற்பங்கள். இன்றைய ஆந்திரத்தில் கிருஷ்ணை ஆற்றங்கரையில் கி.மு. 2ஆம் நூற்றாண்டு தொடங்கிக் கி.பி. 3ஆம் நூற்றாண்டுவரை வளர்ந்த அப்பெரும் தூபியின் பலகைகள், வெண்மை கலந்த பசுஞ்சாயல் உடைய பல்நாட்டுச் சுண்ணக் கல்லால் ஆனவை. 1797இல் காலின் மெக்கன்சி அவற்றை முதன்முதலில் பார்த்தார். 1845இல் வால்டர் எலியட் அகழ்ந்தார். பலகைகளுள் ஒரு பகுதி லண்டனுக்குச் சென்று இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. பெரும் பகுதியொன்று எழும்பூரில் தங்கிற்று. அவற்றைச் சுவரோடு சேர்த்துப் பதித்துவைத்த 19ஆம் நூற்றாண்டு முறை நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டதுதான். ஆனால் சுவரின் ஈரம் கரையும் உப்புகளைக் கல்லுக்குள் ஏற்றியது. ஈரம் உலரும்போது உப்பு படிகமாகி விரிந்து கல்லின் மேற்புறத்தைப் பொடியாக உதிர்த்தது. அன்றைய சிற்பி செதுக்கிய விரல் நுனியும் ஆடை மடிப்பும் இவ்வாறு இழப்புக்கு உள்ளாயின. பாரம்பரிய வாரத்தில் சிற்பத்தின் அழகை வியந்து பேசுவதோடு நில்லாமல், காப்பதாக எண்ணிச் செய்த செயல் எவ்வாறு கேடாக முடிந்தது என்பதையும் அந்தக் கல்லின் முன்னாலேயே நின்று வெளிப்படையாக விளக்குவது ஓர் அரசு நிறுவனத்துக்குப் பெருமையே அன்றிக் குறையன்று. தம் ஊர்க் கோயிலின் பழைய கல்தூணுக்கு வண்ணம் பூசவும் சுவரில் மணல்வீச்சு முறையால் அழுக்கெடுக்கவும் முனைவோர் எண்ணற்றோர் இருக்கும் நாட்டில், இந்த ஒரு விளக்கம் பல சொற்பொழிவுகளைவிடப் பயனுடையது.

செப்புத் திருமேனிகளின் கூடம் அருங்காட்சியகத்தின் புகழுக்கு முதற்காரணம். திருவாலங்காட்டு நடராசரும் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரும் கலை வரலாற்று நூல்களில் அடிக்கடி இடம்பெறும் படிமங்கள். படையெடுப்புக் காலங்களில் கோயிலார் புதைத்துவைத்த இத்தகைய திருமேனிகள், உழும்போதும் கடைக்கால் தோண்டும்போதும் வெளிப்படுவதுண்டு. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கப்பட்டு, பல அங்கிருந்து எழும்பூருக்கு வருகின்றன. இவை மெழுகால் உருவம் செய்து, அதன்மேல் மண் பூசி, சுட்டு, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றும் முறையில் ஆனவை. தேன்மெழுகோடு குங்கிலியம் சேர்த்துக் காய்ச்சிய கலவையை விரலால் இழுத்து நகையையும் ஆடை நுனியையும் உருவாக்குவதும், காவிரி வண்டலை முதற்பூச்சாக மெல்லியதாகத் தடவி அந்த நுணுக்கங்களைப் பிடித்துக்கொள்வதும் சுவாமிமலை ஸ்தபதிகளிடம் இன்றும் வாழும் கலை. அவர்களுள் ஒருவரைக் கூடத்துக்கு அழைத்து வந்து, ஆயிரமாண்டுத் திருமேனியின் அருகே மெழுகைப் பிசையச் செய்தால், நடராசரின் விரிசடை ஏன் தனித்தனிக் கற்றையாக நிற்கிறது, திருவாசி ஏன் தனியே வார்க்கப்படுகிறது என்பவையெல்லாம் கண்முன்னே விளங்கும்.

இந்தக் கூடத்துக்குப் பின்புறம், பொதுமக்கள் பெரும்பாலும் காணாத இன்னோர் உலகம் உண்டு. 1930களின் தொடக்கத்திலேயே எழும்பூரில் வேதியியல் காப்புப் பணி தொடங்கிவிட்டது; எஸ். பரமசிவன் என்னும் வேதியியலாளர் செப்புப் படிமங்களை நோய் தீர்க்கும் முறைகளை இங்கே வகுத்தார். தஞ்சைப் பெரிய கோயில் சுவரோவியங்களின் செய்முறையையும் அவர் ஆராய்ந்தார். செப்புக்கு நோய் வருமா என்ற ஐயம் எழலாம். மண்ணுக்குள் நெடுநாள் கிடந்த செப்புக்குள் உப்பின் கூறாகிய குளோரைடு புகுந்து தங்கிவிடுகிறது. வெளியில் எடுத்தபின் காற்றின் ஈரமும் ஆக்சிஜனும் படும்போது அது உலோகத்தைத் தின்னத் தொடங்கி, வெளிர்ப்பச்சைப் பொடியாகப் புள்ளி புள்ளியாக மேலெழுகிறது. அந்தப் பொடி மீண்டும் குளோரைடை விடுவிப்பதால் அழிவு தன்னைத்தானே வளர்த்துக்கொள்கிறது. இதனைத் தடுக்க மின்பகுப்பு முறை கையாளப்படுகிறது. நீர்த்த எரிசோடாக் கரைசலில் படிமத்தை எதிர்மின்வாயாகவும் சுற்றிலும் இரும்புத் தகடுகளை நேர்மின்வாயாகவும் அமைத்து மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தினால், குளோரைடு படிமத்தை விட்டு நீங்கித் தகட்டை நோக்கி நகர்கிறது. மேலே கட்டிபோல் இறுகியிருந்த படலம் தளர்ந்து, மூடிக்கிடந்த கண்ணும் உதடும் சிறிது சிறிதாக வெளிப்படுகின்றன. அதன்பின் காய்ச்சி வடித்த நீரில் திரும்பத் திரும்ப ஊறவைத்து, ஒவ்வொரு முறையும் அந்த நீரில் சில்வர் நைட்ரேட் சில துளி விட்டுப் பார்க்கிறார்கள். பால்போல் கலங்கினால் குளோரைடு இன்னும் எஞ்சியிருக்கிறது என்று பொருள். தெளிந்தே இருந்தால்தான் படிமம் கூடத்துக்குத் திரும்பும். எல்லாப் படிமங்களுக்கும் இம்முறை ஒத்துவராது. உள்ளே உலோகம் போதிய அளவு எஞ்சியிருக்கிறதா என்று முதலில் சோதித்தாக வேண்டும்.

பள்ளி வேதியியல் பாடத்தில் மின்பகுப்பும் இருக்கிறது, சில்வர் நைட்ரேட் சோதனையும் இருக்கிறது. தேர்வுக்கு உருப்போடும் அந்த இரண்டு பாடங்களும் ஒரு சோழர் காலத் திருமேனியைக் காப்பாற்றும் காட்சியைப் பிப்ரவரி 28 அன்று மாணவர் நேரில் பார்க்க முடிந்தால், அறிவியல் நாள் அதன் பெயருக்கு உரிய நாளாகிவிடும். சர் சி.வி. ராமன் 1928இல் அந்த நாளில் கண்டறிந்த ஒளிச்சிதறல் விளைவு, அருங்காட்சியகத்துக்கு அந்நியமானதும் அன்று: ஒரு பொருளின்மீது பட்டுச் சிதறும் ஒளியின் அலைநீளத்தில் ஏற்படும் சிறு மாற்றத்தைக் கொண்டு, அப்பொருளைச் சுரண்டாமல், உடைக்காமல், ஓவியத்தின் நிறப்பொருள் எது, உலோகத்தின்மேல் படிந்துள்ள களிம்பு எது என்று சொல்லும் கருவிகள் உலகெங்கும் காப்பாய்வகங்களில் பயன்பாட்டில் உள்ளன. திருச்சியில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றவரின் கண்டுபிடிப்பு, சென்னையின் திருமேனிகளைத் தொடாமலே ஆராய உதவும் என்பதை விளக்க அறிவியல் நாளைவிடப் பொருத்தமான நாள் ஏது? 1986இல் அரசு அந்த நாளை அறிவித்த நோக்கமும் அறிவியலை மக்களிடம் கொண்டுசேர்ப்பதே ஆகும்.

விலங்கியல் கூடங்களைப் பற்றி ஒரு சொல். மங்களூர்க் கரையில் ஒதுங்கிய பெருந்திமிங்கலத்தின் எலும்புக்கூடு, முதல்முறை வரும் குழந்தையை இன்றும் அண்ணாந்து நிற்கவைக்கிறது. அதற்கு எந்த நிகழ்ச்சியின் துணையும் தேவைப்படுவதில்லை. ஆனால் பாடம் செய்யப்பட்ட பறவைகளும் புட்டிகளுக்குள் மிதக்கும் மீன்களும் அவ்வாறல்ல. காலத்தால் நிறம் மங்கிய அவற்றைப் பழம்பொருளாகக் கருதிக் கடந்துவிடுவோர் மிகப் பலர். அவற்றின் உண்மையான மதிப்பு அடியில் ஒட்டிய சிறு சீட்டில் இருக்கிறது. எந்த ஊரில், எந்த நாளில் அந்த உயிர் பிடிபட்டது என்ற குறிப்பு, அந்த ஊரில் இன்று அது இல்லை என்பதை நிறுவும் சான்றாகிறது. பள்ளிக்கரணையிலும் பழவேற்காட்டிலும் பறவை நோக்கும் இளைஞர் குழுக்கள் சென்னையில் நிறைய இருக்கின்றன. ஞாயிறு காலை அவர்கள் எடுக்கும் கணக்கையும் கூடத்தின் பழைய சீட்டுகளையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கும் ஒரு நாள் நிகழ்ச்சி, இரு தரப்புக்கும் தனித்தனியே கிடைக்காத ஒன்றைக் கொடுக்கும்.

நடைமுறையில் நிகழ்ச்சிகளின் நேரத்தை விழுங்குவது வேறு. அரசு நிறுவனங்களின் விழாக்களில் வரவேற்புரை, முன்னிலையுரை, தலைமையுரை, பொன்னாடை, நினைவுப் பரிசு ஆகியவை முடிவதற்குள், வெளியூரிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டு வந்த பிள்ளைகள் களைத்துவிடுகிறார்கள். பொருளைப் பார்க்கும் நேரம் சுருங்கிவிடுகிறது. ஓவியப் போட்டியில் பங்கேற்கும் மாணவர், அருங்காட்சியகத்தில் அமர்ந்துகொண்டே தாம் வீட்டில் பழகிவந்த இயற்கைக் காட்சியை வரைந்துவிட்டுச் சான்றிதழோடு திரும்புவதில் யாருக்கும் பயனில்லை. அதே மாணவரை ஒரு முதுமக்கள் தாழியின் முன் அமர்த்தி, அதன் விளிம்பையும் தோளில் ஓடும் கயிற்றுப் புடைப்பு வேலைப்பாட்டையும் அரை மணி நேரம் பார்த்து வரையச் சொன்னால், வாழ்நாள் முழுதும் அந்தத் தாழி அவருக்கு மறக்காது. இத்தகைய தாழிகள் கிடைத்த ஆதிச்சநல்லூரில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகழ்ந்த பொருட்கள் எழும்பூரில் உள்ளன. 2023இல் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகம் தமிழ்நாடு முழுவதும் தாழியைப் பற்றிய ஆர்வத்தைப் பெருக்கியிருக்கிறது. கீழடிக்குக் குடும்பத்தோடு சென்று வருவோரை எழும்பூரின் பழைய தொகுப்பிடம் அழைத்து வருவதற்கு இதைவிட நல்ல காலம் வாய்க்காது.

இதில் உழைப்புச் சுமை யார்மீது விழுகிறது என்பதையும் கருத வேண்டும். தொல்லியல், நாணயவியல், மானுடவியல், விலங்கியல், தாவரவியல், நிலவியல், வேதியியல் எனத் துறைவாரியாகக் காப்பாட்சியர்கள் இருக்கிறார்கள். பொருட்களின் பதிவேடு, காப்புப் பணி, ஆய்வாளர்களின் வினாக்கள், அலுவலகக் கோப்புகள் ஆகிய அனைத்தையும் கவனித்துவிட்டுத்தான் அவர்கள் கூடத்துக்கு வந்து பேச முடியும். ஆகையால், கல்லூரிகளில் வரலாறும் விலங்கியலும் நிலவியலும் பயிலும் முதுநிலை மாணவர்களுக்கு ஒரு கூடத்தை மட்டும் ஆழமாகக் கற்பித்து, விடுமுறை நாட்களில் விளக்குநர்களாக நிறுத்துவது எல்லார்க்கும் நன்மை தரும். பார்வையற்றோர் தொட்டு உணரத்தக்க அச்சுப்படிகளைக் கொண்டு தனி நடை ஒன்றை ஏற்படுத்துவதும் இவ்விளக்குநர்களால் எளிதில் கைகூடும். கற்கருவியும் காசும் சிற்பமும் விரலால் படிக்கத்தக்க பொருட்களே. 1910இல் தொடங்கிய புதுக்கோட்டை அருங்காட்சியகம் முதலாகப் பல மாவட்டங்களில் அரசு அருங்காட்சியகங்கள் இயங்குவதால், எழும்பூரில் வெற்றி பெறும் ஒரு வடிவத்தை அந்தந்த ஊரின் பொருட்களுக்கேற்ப மாற்றிக் கையாளவும் வழியிருக்கிறது.

வர எண்ணுவோர் சிலவற்றை மனத்தில் கொள்ளலாம். வெள்ளிக்கிழமையும் தேசிய விடுமுறை நாட்களும் அருங்காட்சியகத்துக்கு விடுமுறை; மற்ற நாட்களில் காலை 9.30 மணி முதல் மாலை 5 மணி வரை திறந்திருக்கும். 46 கூடங்களையும் ஒரே நாளில் பார்த்து முடிக்க முனைவது குழந்தைகளைச் சோர்வடையச் செய்யும். கற்கருவி, செப்புத் திருமேனி, விலங்கியல் என்று மூன்றோடு நிறுத்திக்கொண்டு, எஞ்சியதை அடுத்த வருகைக்கு வைப்பதே நன்று. மாணவர்களை அழைத்துவரும் ஆசிரியர் ஒரு வாரம் முன்னதாகத் தனியே வந்து பார்த்து, எந்தப் பொருளின்முன் எவ்வளவு நேரம் நிற்பது என்று முடிவு செய்துகொண்டு, துறைக் காப்பாட்சியருக்கு எழுத்து வழியாகத் தெரிவித்துவிட்டால் விளக்கத்துக்கு ஏற்பாடு செய்ய அவகாசம் கிடைக்கும். வளாகத்திலேயே 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா பொது நூலகம், நாட்டில் அச்சாகும் நூல்களின் படிகளைப் பெறும் நான்கு நூலகங்களுள் ஒன்றாக இருப்பதால், கூடத்தில் கண்ட பொருளைப் பற்றி மேலும் படிக்க விரும்பும் மேல்வகுப்பு மாணவர் வேறெங்கும் அலைய வேண்டியதில்லை. நவம்பர் மாதத்தில் வருவோர் மழையைக் கணக்கிட்டுக் கட்டடம் விட்டுக் கட்டடம் செல்லக் குடை கொண்டுவர வேண்டும். நிழலைப் பார்க்க ஏப்ரலில் வருவோர் நண்பகலுக்கு அரை மணி முன்னதாகவே முற்றத்துக்கு வந்து, குழாயை நட்டு, நிழல் குறுகிவருவதைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை சுண்ணக் கட்டியால் தரையில் குறித்துக்கொண்டே வர வேண்டும்.